கூதிரும் கணப்பும்

தமிழிலே 'பனி' என்னும் சொல் சுமக்கும் பாரம் பெரிது. விடியற்காலையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. மலைச்சரிவை மறைத்து நிற்கும் மூட்டமும் பனி. இமயத்தின் முடியில் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதும் பனி. 'பனித்தல்' என வினையாக்கின் நடுங்குதல் என்றும் பொருள்படும். வேறு நாட்டார் பல சொற்களாற் கூறுவதை நாம் ஒரு சொல்லில் அடக்கினோம் எனப் பெருமை கொள்வாரும் உளர். வெயில் நாட்டில் வாழ்ந்த நமக்கு அவ்வேறுபாடுகள் வேண்டப்படவில்லை என்பதே உண்மையென எமக்குத் தோன்றுகின்றது.

ஆயினும் காலத்தைப் பகுத்தபோது நம் முன்னோர் குளிருக்குக் குறை வைத்தாரல்லர். பெரும்பொழுது ஆறனுள் மூன்று அதற்கே உரியன. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆண்டிற் பாதி குளிருக்காயிற்று. இவற்றுள் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்கு உரியனவாகத் தொல்காப்பியர் வகுத்தார். குறிஞ்சியின் சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். மலை, குளிர், நள்ளிரவு, உற்றாரோடு கூடியிருத்தல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று அவாவி நிற்பன என்பதை அப்பெரியார் எவ்வளவு முன்னரே கண்டுகொண்டார்! இக்காலத்தார் விடுமுறை வந்ததும் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு மலைநாட்டுக்கு ஓடுவதற்கு இலக்கணம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. காதலர்க்கெனச் சொன்னதைக் குடும்பத்தார்க்கு விரிக்கலாமோ என வினவும் நண்பர்கள், பேரப்பிள்ளைகளோடு ஒருமுறை நுவரெலியாவுக்குப் போய்வந்தபின் அவ்வினாவை மீண்டும் தொடுப்பாராக.

யாழ்ப்பாணத்தவர்க்குக் குளிர் என்பது மார்கழி விடியற்காலம். சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிக்கொண்டு தெருவழியே செல்லும் சிறுவர் கூட்டமும், துவாயினாற் காதையும் தலையையும் சுற்றிக்கட்டிக்கொண்டு திண்ணையில் இருக்கும் முதியவர்களும், மல்லிக் கோப்பியின் ஆவியும் சேர்ந்ததே எம் ஊர்க் குளிர். வெப்பமானியைப் பார்த்தால் அஃது இருபது பாகைக்குக் கீழ் இறங்குவது அருமை. ஞாயிறு எழுந்து பனைக்கு மேலே வந்ததும் குளிர் போய்விடும். அதனை இன்பம் என்று சொல்லலாமேயன்றித் துன்பம் என்று சொல்லுதல் மிகை.

நுவரெலியாவின் கதை வேறு. கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அந்நகரம் இருக்கின்றது. அதன் தலைமாட்டில் நிற்கும் பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயர்ந்து இலங்கையின் மலைகளுக்கெல்லாம் முதன்மை பெற்றது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகையளவு குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆதலின் கொழும்பில் வியர்வை துடைப்பவர் அதே நாளில் நுவரெலியாவிற் கம்பளி தேடுகின்றார். அங்கு ஆண்டுச் சராசரி பதினாறு பாகையை ஒட்டியது. தை, மாசி மாதங்களில் மேகமில்லாத இரவுகளில், நிலம் பகலிற் பெற்ற சூட்டை வானுக்குத் திருப்பிக் கொடுத்துவிட, குளிர்ந்த காற்றுப் பள்ளங்களில் வந்து தேங்கும். அப்பொழுது புல்மேல் நின்ற துளிகள் உறைந்து வெள்ளையாகும். காண வருவோர்க்கு அது கண்காட்சி. தேயிலைக்கு அது நெருப்பு, கொழுந்து கருகிப்போகும். கொழுந்து இல்லையேல் அதனைக் கிள்ளுவோர்க்கு நிறையும் இல்லை.

2018ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் எம் அன்னையாரையும் இல்லாளையும் மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு யாம் அவ்வூருக்குச் சென்றோம். அன்னையார்க்கு அப்பொழுது எண்பதுக்கு மேல் அகவை. சாவதற்கு முன் தேயிலை மரத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. தேயிலை செடியாகத்தான் இருக்கும் என்றால், வெட்டாமல் விட்டால் மரமாகும் என்று திருத்தினார். அது முற்றிலும் சரி. பொல்காவலையிற் புகையிரதம் மாறி மலைப்பாதையில் ஏறினோம். கடுகண்ணாவையிற் காதடைத்தது; நாவலப்பிட்டி தாண்டியதும் இருமருங்கும் பச்சை. அட்டனுக்கப்பால் மகன் சாளரத்தைச் சாத்தினான். நானுஓயாவில் இறங்கியபோது எல்லாருடைய வாயிலிருந்தும் புகை வந்தது. அன்னையார் அதனைக் கண்டு சிறுபிள்ளைபோல் மீண்டும் மீண்டும் ஊதிப் பார்த்தார்.

ஊர் பார்த்ததைப் பற்றி விரித்தெழுத வேண்டுவதில்லை. 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் அமைந்த வாவி, 1861இல் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய ஹக்கலைப் பூந்தோட்டம், சீத்தாஎலியவில் அருவிக்கரையில் அமைந்த கோயில் என்பன எல்லாரும் கண்டவை. 1848இல் அங்கு வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர் முதலான ஆங்கிலேயர் தம் நாட்டுக் குளிரை இங்கே கண்டதும், தம் நாட்டு வீட்டையும் பூவையும் காய்கறியையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டனர். இன்று நம் சந்தைகளுக்கு வரும் லீக்ஸ், கரட், கோவா ஆகியன அந்த ஏக்கத்தின் எச்சம் எனலாம். வீட்டு நினைவு மனிதரை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதற்கு அந்நகரமே சான்று.

எம் மகிழ்ச்சி ஊர் பார்த்ததில் இல்லை, மாலைப்பொழுதில் இருந்தது. அன்பர் ஒருவர் ஒழுங்கு செய்து தந்த பழைய பங்களாவில் அறைகள் பல, கணப்படுப்பு ஒன்றே. ஆகவே ஐவரும் அந்த ஓர் அறையில் அதன் முன்னே இருக்கவேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்தில் எம் வீட்டிலே இரவு எட்டு மணிக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலை. மகன் கைபேசியோடு, மகள் புத்தகத்தோடு, இல்லாள் அடுக்களையில், யாம் விடைத்தாள்களோடு, அன்னையார் முற்றத்தைப் பார்த்தபடி தனியே. எம்மை ஒன்றாக இருத்துவதற்கு எத்தனையோ முறை முயன்றும் இயலாததைக் குளிர் ஒரே மாலையில் முடித்துவிட்டது. தணலிற் சுட்ட உருளைக்கிழங்கை உப்புத் தொட்டுத் தின்றோம். அன்னையார் நொடி போட்டார். பிள்ளைகள் விடை தெரியாது விழித்தனர்.

பங்களாக் காவலர் அறுபது வயதை அணுகியவர். அருகிலுள்ள தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவர். விறகு கொண்டுவந்து வைத்தவர், கம்பளிக்குள் ஒடுங்கியிருந்த அன்னையாரைப் பார்த்து, "பாட்டிக்குக் கூதல் அடிக்குதுங்களா?" என்று கேட்டார். அன்னையார் நிமிர்ந்தார். "ஓம் தம்பி, சரியான கூதல்" என்றார். இருவரும் அவ்வாறு பேசியது எமக்குக் கற்கண்டாக இருந்தது. கூதிர் என்னும் பழஞ்சொல்லின் உறவான கூதல், எம் ஊர்க் கிழவர் வாயில் மட்டுமே எஞ்சியிருப்பதாக யாம் எண்ணியிருந்த சொல், மலைநாட்டில் நாள்தோறும் வழங்குகின்றது. 'சில்லென்று இருக்கிறது' என்று சொல்லப் பழகிவிட்ட எம் மகளுக்கு அதனை விளக்க வேண்டியிருந்தது. அவ்விருவர்க்கும் விளக்கம் வேண்டியதில்லை.

சிறிது நேரத்தில் அவர் மனைவியார் ஓர் அகன்ற இரும்புச் சட்டியில் தணலைக் கொண்டுவந்து அன்னையாரின் காலடிக்குச் சற்றுத் தள்ளி வைத்தார். யாம் எழுந்து நின்றேவிட்டோம். பத்துப்பாட்டினுள் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடஞ்சொல்லி வந்திருக்கின்றோம். அதிலே 'தடவு' என ஒரு சொல் வரும். 'தடவு என்பது இந்தளம்' என்று உரை கூறும். தடவும் தெரியாது இந்தளமும் தெரியாத யாழ்ப்பாணத்து மாணவர்க்கு, 'நெருப்பு வைக்கும் அகன்ற சட்டி' என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். அந்தத் தடவு எம் கண்முன்னே செந்தணலோடு இருந்தது.

அந்தப் பாட்டை அன்றிரவு பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னோம். மழை விடாது பெய்கின்றது. ஆயர்கள் தாழ்ந்த நிலத்தை விட்டு மேட்டுக்கு மந்தையை ஓட்டிப்போய், கொள்ளியைச் சூழ்ந்து கை காய்ச்சியும் பல் நடுங்குகின்றனர். விலங்கு மேய்ச்சலை மறக்கின்றது. குரங்கு கூனிக் குந்தியிருக்கின்றது. பாலுக்கு வரும் கன்றைக் கறவை உதைக்கின்றது. நகரத்திலோ சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கின்றது, விசிறிகள் தொங்குகின்றன, சாளரங்களெல்லாம் அடைபட்டுள்ளன, குளிர்ந்த நீரைக் குடிப்பாரின்றித் தடவின் நெருப்பை நாடுகின்றனர். குளிரைத் தடுக்கக்கூடிய யாவும் உள்ள அரண்மனையில் அரசி கண்ணீரோடு இருக்கின்றாள், கணவன் பாசறையில். அவனோ நள்ளிரவில் வாடை வீச, புண்பட்ட வீரர்களைப் பார்ப்பதற்காகக் கூடாரங்களிடையே நடக்கின்றான். 188 அடிகளில் நக்கீரர் சொல்லாமற் சொல்லியது ஒன்று உண்டு. கணப்புக் குளிரைப் பாதிதான் தீர்க்கும். மீதியை உடனிருப்பார் தீர்க்கவேண்டும்.

இடையே ஒன்று. கதையிற் சாளரம் அடைபட்டதைக் கேட்ட மகள், எம் அறையின் சாளரத்தையும் இறுகச் சாத்தப் போனாள். காவலர் ஓடிவந்து தடுத்தார். கரி எரியும் அறையை முற்றாக அடைத்தல் ஆகாது. காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு மணமும் நிறமும் இன்றித் தேங்கி, உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். மலைநாட்டுக்குச் செல்வோர் இதனை மறவாதிருப்பாராக. உறங்கப்போகுமுன் தணற்சட்டியை வெளியே வைத்துவிடுதல் வேண்டும்.

கதை முடிந்தபின் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் அன்னையார், தாம் பட்ட குளிர் எது என்று தாமாகவே சொல்லத் தொடங்கினார். 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் எல்லாரும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்களல்லவா? அவ்விரவு மழை. எம் தந்தையாரின் தோளைப் பிடித்துக்கொண்டு, நகரவும் இடமில்லாத கூட்டத்தினுள் நின்றபடியே நனைந்ததையும், விடியற்காலையில் முன்பின் அறியாத ஒருவர் தம் சாக்கைப் பிரித்து அதிற் பாதியைப் போர்த்தியதையும் சொன்னார். "இந்த மலைக் கூதல் என்ன கூதல்" என்று முடித்தார். தந்தையார் இப்பொழுது இல்லை. அவ்விரவில் யாமும் அதே கூட்டத்தில் வேறிடத்தில் இருந்தோம். ஆயினும் அந்தச் சாக்கின் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். பிள்ளைகள் இருவரும் இடப்பெயர்வுக்குப் பின்னர்ப் பிறந்தவர்கள். மகன் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்த் தன் போர்வையையும் கொண்டுவந்து அப்பாச்சியின் மேல் இட்டான்.

கதவண்டை நின்று கேட்டுக்கொண்டிருந்த காவலர், அழைத்தபின்னரே உள்ளே வந்து இருந்தார். அவருக்கும் ஒரு கதை இருந்தது.

அக்கதைக்கு முன்னே வாசகர் நினைவுகொள்ள வேண்டிய வரலாறு சிறிது உண்டு. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் முதலிய வெயிற் சீமைகளிலிருந்து, முதலிற் கோப்பிக்காகவும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் கொண்டுவரப்பட்டவர் மலையகத் தமிழர். மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களிற் பலர் வழியிலேயே மாண்டனர். அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து சென்றதை வாசகர் அறிவர். குளிரையே கண்டிராத அம்மக்களுக்கு மலையுச்சியிற் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையும் ஒரு கம்பளியும். கம்பளியின் விலையும் கணக்கிற் பற்றெழுதப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், இடுப்பிற் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஈரச் செடிகளுக்கிடையே இறங்குவதே அவர்களின் முன்பனிக்காலம். லயங்கள் இருந்த இடத்திற் சில தோட்டங்களில் தனிவீடுகள் எழுந்துள்ளன. எழாத இடங்கள் இன்னும் பல.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கையின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் இரண்டு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய 150,000 பேரை 1974இற் சரிபாதியாகப் பிரித்தனர். எண்கள் முழு ஆயிரங்களாக இருப்பதைக் காண்க. குடும்பங்கள் அவ்வாறு வகுபடுவதில்லை. தாய் ஒரு நாட்டுக்கும் மகள் ஒரு நாட்டுக்கும் ஆயினர். அவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னார்த் துறைக்கு ஏற்றிச்சென்ற புகையிரதத்தை 'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்கள் வழங்கினர். யாம் மகிழ்ச்சியோடு ஏறிவந்த அதே இருப்புப்பாதையில் அது இறங்கிச் சென்றது.

காவலரின் அக்காள் அந்தக் கோச்சியிற் போனவர். அவர் கணவனாருக்கு இந்தியக் கடவுச்சீட்டு. தாய்தந்தையரோ இங்கேயே தங்கிவிட்டனர். தம்பிக்கு அப்பொழுது பதினான்கு வயது. "நானுஓயா ஸ்டேசன்ல கையப் புடிச்சுக்கிட்டே ஓடினேங்க. கோச்சி வேகம் எடுத்ததும் அக்கா அவங்க கம்பளியக் கழட்டி என்கிட்ட எறிஞ்சாங்க. அங்க வெயிலாத்தான் இருக்கும், உனக்கு வேணும்னு சொன்னாங்க" என்றார். ஆனால் அக்காளுக்குக் கிடைத்தது வெயிலன்று. தாயகம் திரும்பியோர்க்கெனத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்திருந்தது. கோத்தகிரியை அடுத்த ஒரு தோட்டத்திற்கு அவர் போய்ச் சேர்ந்தார். முதற் கடிதத்தில், "இங்கயும் அதே கூதல், அதே கொழுந்து, கம்பளிதான் இல்லை" என எழுதியிருந்தாராம். அதனைச் சொல்லும்போது காவலர் சிரித்தார். எம் இல்லாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாண்டியன் தலைநகரிற் குளிரில் ஒடுங்கிக் கிடந்து, தன் மனையாளுக்குத் தன் நிலையைச் சொல்லுமாறு பறந்துபோன நாரையிடம் வேண்டிய சத்திமுற்றப் புலவரை எல்லாரும் அறிவர். பள்ளியில் அப்பாடலை மனப்பாடம் செய்யாத தமிழ்ப்பிள்ளை இல்லை. அதனை வறுமைப் பாட்டு என்று நாம் சொல்லிக்கொடுக்கின்றோம். அது பிரிவின் பாட்டுமாகும். குளிர் அவரை வருத்தியதைக் காட்டிலும், தாம் வருந்துவதை அறிவாரில்லையே என்பது அவரை மிகவும் வருத்தியிருத்தல் வேண்டும்.

மறுநாள் முற்பகலில் ஹக்கலைக்குப் போகுமுன், குறிஞ்சியைப் பற்றிக் காவலரிடம் கேட்டோம். ஹோர்டன் சமவெளியிற் சிங்களர் 'நெலு' என்று வழங்கும் செடிக்கூட்டம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. அது 2013இற் பூத்தது. தமிழ்நாட்டு மலைக் குறிஞ்சி அதற்கு நெருங்கிய உறவினது. அதுவும் பன்னீராண்டுக் கணக்கினது. நாம் சென்ற 2018ஆம் ஆண்டிலேயே மூணாற்று மலைகளிற் பூத்திருந்தது. ஒரே குடும்பத்துச் செடி, கடலுக்கு இப்பாலும் அப்பாலும் வெவ்வேறு ஆண்டிற் பூக்கின்றது. காவலர் நெலுவை ஒருமுறை கண்டிருந்தார். அக்காள் நீலகிரியிற் குறிஞ்சியைக் கண்டிருப்பாரோ என்று அவர் கேட்டார். யாம் அறியோம் என்றோம்.

புறப்படும் நாளில், ஒரு நீலநிற வான்கடிதத் தாளைக் கொண்டுவந்து தயங்கி நின்றார்.

"ஐயா தமிழ் வாத்தியாருன்னு பாட்டி சொன்னாங்க. அக்காவுக்குக் காது கேக்காதுங்க. போனுல பேசுனா ஒன்னும் வெளங்காது. கடுதாசின்னா பேத்தி வாசிச்சுக் காட்டும். என் கையெழுத்துப் போனதடவ புரியலைன்னு சொல்லிட்டாங்க."

மேசையருகே இருந்து பேனாவைத் திறந்தோம். முதலில் என்ன எழுதுவது என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார்.

"இங்க கூதல் ஜாஸ்தி, அங்க எப்பிடின்னு கேளுங்கய்யா."

அவ்வாறே எழுதினோம்.